கிரீன் கார்டு புதுப்பிக்க வக்கீல் எதற்கு?

அமெரிக்காவில் 10 வருட கிரீன் கார்டு முடிய 6 மாதம் இருக்கும்போதே ஐ-90 படிவத்தை யூஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுத் துறை) தளத்தில் நீங்களே நிரப்பி அனுப்பிவிடுங்கள், வக்கீல் ஃபீஸ் மிச்சம். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஆன்லைனில் 415 டாலர், தாளில் அனுப்பினால் 465. காலாவதியாவது அட்டைதான், உங்கள் நிரந்தரக் குடியிருப்பு அல்ல, அதனால் பெரிதாக வாதாட ஒன்றுமில்லை. புதுசு வரும்வரை ரசீதுக் கடிதமே பழைய கார்டின் ஆயுளை 36 மாதம் நீட்டிக்கும், இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

திருமணம் அல்லது முதலீடு மூலம் நிபந்தனையோடு தரும் 2 வருட கார்டுக்கு இது செல்லாது. அப்புறம் கைது, வழக்கு ஏதாவது இருந்தால் விண்ணப்பத்துக்காக எடுக்கும் கைரேகையில் தெரிந்துவிடும், படிவத்தைத் தொடும் முன்பே குடிவரவு வக்கீலைப் பாருங்கள். அமெரிக்காவில் நோட்டரி போர்டு மாட்டியவரெல்லாம் வக்கீல் இல்லை.