தசமக் கூட்டலுக்கு அட்டை விளையாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் அட்டை விளையாட்டு என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாடவேளை முழுக்கக் கலகலவென்று போகும். அட்டை போடுவார்கள், கூட்டுவார்கள், வெல்வார்கள். அடுத்த நாள் கரும்பலகையில் 0.4 + 0.35 என்று எழுதிக் கேட்டால் 0.39 என்று பல குரல்கள் வரும். திருகோணமலையில் தரம் 6, 7 பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகளை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் விளையாட நினைக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பிழையாக யோசிக்கிற பிள்ளையும் வெல்ல முடிகிறது என்றால், அந்த அட்டைக் கட்டைத்தான் மாற்ற வேண்டும்.

பெரும்பாலான கட்டுகளில் இருக்கும் குறை, எல்லா அட்டையிலும் ஒரே அளவு தசமதானங்கள் இருப்பது. 0.1 முதல் 0.9 வரை மட்டும் எழுதி வைத்தால், பிள்ளை புள்ளியை மறந்துவிட்டு 3 + 5 = 8 என்று கூட்டி, கடைசியில் புள்ளியை ஒட்டிவிடும். விடை சரி. ஆனால் அது செய்தது பழைய முழுவெண் கூட்டல்தான். 0.25, 0.41 என்று எல்லாவற்றையும் இரண்டு தானமாக வைத்தாலும் இதே கதைதான். முழுவெண்களை எப்போதும் வலது ஓரத்தில் நேராக்கித்தான் பிள்ளைகள் கூட்டிப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் 0.4 இல் உள்ள நாலை 0.35 இல் உள்ள ஐந்துக்குக் கீழே கொண்டுபோய் வைக்கும். 0.39 வருவது அப்படித்தான். ஆகவே ஒரே கட்டில் 0.4, 0.35, 1.2, 0.07, 2.5, 0.125 எல்லாம் கலந்து இருக்க வேண்டும்.

கூட்டினால் 1 வரும் ஜோடிகளைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 0.4 உடன் 0.6, 0.25 உடன் 0.75 என்று சரியான ஜோடிகளை மட்டும் போட்டால் பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், எதுவும் வெளியே தெரியாது. பொறி அட்டைகள் வேண்டும். 0.3 க்கு 0.7 இருக்கட்டும், 0.07 உம் இருக்கட்டும். வலது ஓரமாக நேராக்குகிற பிள்ளை மூன்றும் ஏழும் பத்து என்று சொல்லி 0.07 ஐத் தூக்கும். இன்னும் நுட்பமான பொறி 0.35 க்கு 0.75. மூன்றும் ஏழும் பத்து, ஐந்தும் ஐந்தும் பத்து, ஆகவே ஒன்று என்று நன்றாகப் படிக்கிற பிள்ளையே ஏமாறும். உண்மையில் அது 1.10. நூறில் ஒன்றுகள் பத்துச் சேர்ந்து பத்தில் ஒன்றாகி இடப்பக்கம் போய்விட்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. சரியான ஜோடி 0.65. இந்தப் பொறிகள் வீணாகவும் போகாது: 0.75 ஆனது 0.25 க்குச் சரியான ஜோடி, 0.07 ஆனது 0.93 க்கு.

கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டாத அட்டைகளாகவே பொறுக்கி வைப்பதும் பரவலான தவறு. 0.8 + 0.7 க்கு 0.15 என்று எழுதும் பிள்ளையை 0.2 + 0.3 ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

காசுக் கணக்கை வைத்துத் தொடங்குவது நல்லதுதான், ஆனால் அதிலேயே நிற்கக் கூடாது. ரூபாயும் சதமும் எப்போதும் இரண்டு தானத்தோடு எழுதப்படும், முதலில் சொன்ன அதே சிக்கல் திரும்பி வரும். மீன்தான் எங்கள் ஊருக்குப் பொருத்தம். 1.2 கிலோ பாரையும் 0.850 கிலோ சூடையும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், 2.05 கிலோ என்று பிள்ளை தராசை மனதில் வைத்தே சரிபார்க்கும். 0.85, 0.850 இரண்டையும் தனித்தனி அட்டையாகப் போடுங்கள், இரண்டும் ஒன்றா என்ற வாக்குவாதம் தானாகக் கிளம்பும். கால் கிலோவும் முக்கால் கிலோவும் ஒரு கிலோ என்று தெரியாத பிள்ளை இங்கே இல்லை; 0.25 ஐயும் 0.75 ஐயும் அங்கிருந்து பிடிக்கலாம். பெரிய பிள்ளைகள் என்றால் கிண்ணியாப் பாலம் இருக்கிறது: 396 மீற்றர், அதாவது 0.396 கிலோமீற்றர். அதோடு 1.5 கிலோமீற்றர் வீதியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

முந்திச் சொல்பவருக்குப் புள்ளி என்று வைக்கவே வேண்டாம். கணக்கில் பயமுள்ள பிள்ளை இரண்டு சுற்றில் யோசிப்பதை விட்டுவிடும், யாருக்குப் பயிற்சி தேவையோ அந்தப் பிள்ளைதான் ஒதுங்கும். ஆறு பேர் சேர்ந்த குழுவும் சரிவராது, தன் முறை வரும் வரைக்கும் ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்று பேர் போதும். இரண்டு பேர் விளையாட, ஒருவர் இடப்பெறுமான அட்டவணையில் எழுதிச் சரிபார்க்க வேண்டும், அப்புறம் ஆள் மாற வேண்டும். எழுதாமல் வாயால் மட்டும் கூட்டினால் பிழை எங்கே நடந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கடையில் வாங்கும் காட்ஸ் கட்டைப் பாடசாலைக்குக் கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தை. 304 என்ற காட்ஸ் விளையாட்டு தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று மனதாலேயே கூட்டி விளையாடுவார்கள், அது நல்ல பயிற்சியும்கூட. ஆனால் காட்ஸ் என்றாலே சூது என்று நினைக்கிற வீடுகளும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையைச் சங்கடத்தில் தள்ளத் தேவையில்லை. தடித்த அட்டைப்பெட்டியை வெட்டி நாமே செய்துகொள்ளலாம். மெல்லிய தாள் என்றால் பின்பக்கம் எண் தெரியும், கடற்காற்றுக்கும் மின்விசிறிக்கும் பறக்கும். 0.6 இன் கீழே ஒரு கோடு போட மறக்காதீர்கள். தலைகீழாகப் பிடித்தால் அது 9.0.

அதிர்ஷ்டத்தால் மட்டும் வெல்கிற விளையாட்டில் யோசிக்க எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது கட்டங்களை நிரப்பும் விளையாட்டு. □.□□ + □.□ என்று ஒவ்வொருவரும் வரைந்துகொள்வார்கள், கூட்டுத்தொகை 5 க்குக் கிட்ட வருவதுதான் இலக்கு. ஓர் இலக்க அட்டை திறக்கப்படும், உடனே ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், பிறகு மாற்ற முடியாது. முதலில் 9 வந்தால் என்ன செய்வது? விவரமான பிள்ளை அதை நூறில் ஒன்றின் இடத்தில் ஒளித்துவைக்கும். பிறகு 2, 4, 2, 7 வந்தன என்று வைப்போம்: 2.49 + 2.7 = 5.19. பக்கத்துப் பிள்ளை 2.79 + 2.4 என்று வைத்திருக்கும், அதுவும் 5.19. இன்னொருவர் 9 ஐப் பத்தில் ஒன்றின் இடத்தில் போட்டு 2.47 + 2.9 = 5.37 இல் நிற்பார். முதல் இரண்டும் ஏன் ஒன்றாக வந்தன, மூன்றாவது ஏன் தள்ளிப் போனது என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும்.

அதற்கு நேரம் வேண்டும் அல்லவா? மணி அடிக்கும் வரை விளையாட விட்டுவிட்டால் அந்த நேரம் கிடைக்காது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு அட்டைகளைச் சேர்த்துவையுங்கள். யார் வென்றார்கள் என்பதைக் கேட்க வேண்டாம். 0.35, 0.75 இரண்டையும் பலகையில் எழுதி, இதை ஜோடி என்று ஒருவர் எடுத்தால் அவர் எப்படி யோசித்திருப்பார் என்று கேளுங்கள். எடுத்தது யார் என்று சொல்லாதீர்கள்.