திரும்பத் திரும்ப மடங்குற கணுக்கால்: சீசன் நடுவுல என்ன பண்ணணும், படிப்படியா

போன சீசன்ல எங்க ஃபுட்பால் டீம் லெஃப்ட் பேக் பையன், 19 வயசு, மூணாவது மேட்ச்ல கார்னர் கொடி பக்கத்துல இருந்த ஒரு சின்ன பள்ளத்துல காலை வச்சான், பாதம் உள்பக்கமா மடங்கிடுச்சு. சாயங்காலமே முட்டை சைஸுக்கு வீக்கம். பத்து நாள் கழிச்சு "வலியே இல்லண்ணா"ன்னு வந்து நின்னான், நடந்து காட்டினான், ஓடியும் காட்டினான், நானும் நம்பி இறக்கிட்டேன். இருபதாவது நிமிஷம் யாரும் அவனை தொடக்கூட இல்ல, பந்தை விட்டுட்டு திரும்பும்போதே அதே கால் மறுபடி மடங்குச்சு. அந்த ரெண்டாவது தடவை முழுக்க என் தப்புதான். அவன் "வலி இல்ல"ன்னு சொன்னது உண்மை, ஆனா வலி இல்லாததை வச்சு கால் ஆறிடுச்சுன்னு நான் முடிவு பண்ணேன் பாருங்க, அங்கதான் சறுக்கினேன். அதுக்கப்புறம் ஒரு நல்ல பிசியோ கிட்ட உக்காந்து கத்துக்கிட்டு, மிச்ச சீசன் முழுக்க அந்த காலை கவனிச்சு ஆட வச்சோம். அதைத்தான் இங்க எழுதுறேன், பிளேயருக்கும் சரி, டீமை பாத்துக்கிற அண்ணன்களுக்கும் சரி.

முதல்ல உள்ள என்ன ஆச்சுன்னு புரிஞ்சுக்கோங்க

கணுக்காலோட வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கே ஒரு எலும்பு, அதுல இருந்து மூணு லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் சேத்து பிடிக்கிற நார்) பாதத்துக்கு போகுது. பாதம் உள்பக்கமா மடங்கும்போது முதல்ல அடி வாங்குறது முன்னாடி இருக்கிற லிகமென்ட். கட்டைவிரலை அந்த எலும்போட நுனியில வச்சு, கொஞ்சம் கீழ, கொஞ்சம் முன்னாடி நகர்த்தினா ஒரு குழி மாதிரி வரும், பெரும்பாலான பசங்களுக்கு அமுக்கினா துடிக்கிறது அந்த இடம்தான்.

லிகமென்ட்ங்கிறது வெறும் கயிறுன்னு நெனச்சுடாதீங்க. பாதம் இப்ப எந்த கோணத்துல இருக்குன்னு மூளைக்கு தகவல் சொல்ற நரம்பு முனைகள் அதுக்குள்ள இருக்கு. லிகமென்ட் கிழியும்போது அந்த தகவலும் கெட்டுப்போகுது. கால் மடங்க ஆரம்பிச்ச உடனே பிடிச்சு நிறுத்த வேண்டிய வெளிப்பக்க கெண்டை தசை லேட்டா வேலை செய்யுது. வலி ரெண்டு வாரத்துல போயிடலாம், லிகமென்ட் கெட்டிப்பட மாசக்கணக்கு ஆகும், இந்த தகவல் விஷயமோ பயிற்சி குடுத்தாதான் திரும்பி வரும். ஒரு தடவை மடங்கின கால் அதே சீசன்ல மறுபடி மடங்குறதுக்கு முக்கியமான காரணம் இதுதான், பூட்ஸையும் கிரவுண்டையும் மட்டும் குறை சொல்லிட்டு இருந்தா சரியாகாது.

எக்ஸ்ரே வேணுமா வேணாமா

கனடாவுல ஒட்டாவா டாக்டர்கள் 1992ல ஒரு எளிமையான விதி குடுத்தாங்க, இன்னிக்கும் பல நாட்டு எமர்ஜென்சி வார்டுல அதைத்தான் பாக்குறாங்க. அடிபட்ட உடனேயும் சரி, டாக்டர் பாக்கும்போதும் சரி, நொண்டிக்கிட்டாவது நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னா எக்ஸ்ரே. கணுக்காலோட ரெண்டு பக்க எலும்புலயும் பின் ஓரமா கடைசி 6 செ.மீ.ல இல்ல நுனியில அமுக்கினா எலும்பே வலிச்சா எக்ஸ்ரே. பாதத்தோட வெளி ஓரத்துல நடுவுல ஒரு மேடு இருக்கும், அங்க வலிச்சாலும், உள்பக்கம் பாத வளைவுக்கு மேல இருக்கிற எலும்பு வலிச்சாலும் எக்ஸ்ரே. இன்னும் வளர்ற வயசு பசங்கன்னா எலும்பு வளர்ற இடமே அடிபட்டிருக்கலாம், அதனால எதுவும் யோசிக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

இன்னொண்ணு. வலி கணுக்காலுக்கு மேல, ரெண்டு எலும்புக்கு நடுவுல இருந்தா, கெண்டைக்கால ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கினா கீழ வலிச்சா, அது வேற வகை சுளுக்கு. ஆற ரொம்ப நாள் எடுக்கும், அதை இந்த பதிவை வச்சு சமாளிக்க பாக்காதீங்க.

முதல் மூணு நாள்

நம்ம ஊர்ல கால் சுளுக்கினதும் முதல் வேலையா எண்ணெய் போட்டு உருவி விட்டு, "சுளுக்கு எடுக்க" கூட்டிட்டு போவாங்க. அன்போட பண்றதுதான், ஆனா புதுசா கிழிஞ்ச இடத்தை அழுத்தி தேய்ச்சா ரத்தக்கசிவும் வீக்கமும் ஏறும். முதல் ரெண்டு மூணு நாள் தேய்க்கிறது, சூட்டு ஒத்தடம் எதுவும் வேணாம். கிரேப் பேண்டேஜ் விரல் பக்கத்துல இருந்து மேல நோக்கி சுத்துங்க, விரல் மரத்துப்போனாலோ நீலமா மாறினாலோ உடனே அவிழ்த்து லூஸா சுத்துங்க. படுக்கும்போது காலுக்கு அடியில ரெண்டு தலகாணி. ஐஸ் வலியை குறைக்கத்தான், 10-15 நிமிஷம், துணியில சுத்தி, அதுக்கு மேல வேணாம், ஆறுறதை அது ஒண்ணும் வேகப்படுத்தாது.

முழுசா படுத்துக்கிடக்கவும் வேணாம். வலி தாங்குற அளவுக்கு மெதுவா நடக்கலாம், உக்காந்த இடத்துல பாதத்தை மேல கீழ ஆட்டலாம். மாசக்கணக்கா அசையாம கட்டி வச்ச கால் இறுகிப்போய் வரும், அதை திரும்ப வளைக்கிறதே ஒரு தனி வேலை.

காலையில ஒரு நிமிஷ டெஸ்ட்

இந்த பதிவுல நீங்க ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டா இதை எடுத்துக்கோங்க. மேட்ச் நேரத்துல உடம்பு சூடா இருக்கும், அட்ரினலின் ஓடும், பிளேயருக்கே தன் கால் நிலைமை சரியா தெரியாது, மறுநாள் காலையிலதான் தெரியும்.

படுக்கையை விட்டு எந்திரிச்சு முதல் பத்து அடி எப்படி இருக்கு, 0ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் குடுங்க. அடுத்து செவுத்துக்கு முன்னாடி நின்னு பாதத்தை தரையில பதிச்சு, குதிகால் தூக்காம முட்டி செவுத்தை தொடணும், தொட முடியிற வரைக்கும் பாதத்தை பின்னாடி நகர்த்திட்டே போங்க, கடைசியா தொட்ட இடத்துல பெருவிரல் நுனிக்கும் செவுத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு ஸ்கூல் ஸ்கேல் வச்சு அளங்க. ரெண்டு காலுக்கும் அளக்கணும். எங்க பையனுக்கு ரெண்டாவது தடவை மடங்கின அப்புறம் நல்ல கால் 11 செ.மீ., அடிபட்ட கால் வெறும் 6. வலி 1ன்னு சொல்லிட்டு இருந்தான், ஸ்கேல் மட்டும் 6லயே நின்னுச்சு. வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல இருக்கிற வரைக்கும் மேட்ச் கிடையாதுன்னு முடிவு பண்ணோம். கோவப்பட்டான், ரெண்டு நாள் என்கிட்ட பேசல. ஆனா நோட்டுல தினமும் எழுதினான்.

பயிற்சியில வலி 3 வரைக்கும் வரலாம், தப்பில்ல, ஆனா மறுநாள் காலையில பழைய நம்பருக்கு இறங்கியிருக்கணும். இறங்கலன்னா, இல்ல சாக்ஸ் கழட்டினதும் கணுக்கால்ல சாக்ஸ் தடம் முன்ன விட ஆழமா பதிஞ்சிருந்தா, நேத்து பண்ணது அதிகம்னு அர்த்தம். அன்னிக்கு ஓட்டத்தை பாதியா குறைங்க.

பயிற்சி: சீசன் முழுக்க, வாரத்துக்கு 3-4 நாள்

ஜிம் எதுவும் வேணாம், ஒரு செவுரு, ஒரு படிக்கட்டு, ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

1. ஒத்தக்கால்ல நின்னு குதிகாலை தூக்கி இறக்குறது. முதல்ல ரெண்டு காலால, அப்புறம் ஒரு காலால. இறக்கும்போது மூணு எண்ணிக்கை எடுத்து மெதுவா இறக்குங்க. ஒத்தக்கால்ல தொடர்ந்து 25 வரணும், நல்ல காலோட பக்கத்துல வரணும்.

2. ரப்பர் பேண்டை பாதத்துல மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமா தள்ளுறது, 15 தடவை, மூணு சுத்து. முட்டி திரும்பக்கூடாது, பாதம் மட்டும் அசையணும். கால் மடங்காம பிடிக்கிற அந்த வெளிப்பக்க தசைக்கு இதுதான் சாப்பாடு.

3. ஒத்தக்கால்ல பேலன்ஸ். 30 வினாடி கண்ணை திறந்து, அப்புறம் கண்ணை மூடி. கண்ணை மூடினதும் கணுக்கால் கிடுகிடுன்னு ஆடும் பாருங்க, முன்னாடி சொன்னேனே தகவல் கெட்டுப்போகுதுன்னு, அது கண்ணு முன்னாடியே தெரியும். அப்புறம் மடிச்ச போர்வை மேல நின்னு பண்ணுங்க, அதுவும் சுலபமானா அதே நிலையில ஒருத்தர் பந்தை போட நீங்க உள்பாதத்தால திருப்பி குடுங்க. பையன் பல் விளக்கும்போது தினமும் ஒத்தக்கால்ல நிப்பான், அவங்க அம்மா முதல்ல பயந்துட்டாங்க.

4. குதிக்கிறது. இது கடைசியாதான். ரெண்டு காலால குதிச்சு ஒத்தக்கால்ல இறங்கி ரெண்டு வினாடி அசையாம நிக்கணும், அப்புறம் பக்கவாட்டுல, அப்புறம் ஒத்தக்கால்லயே முன்னாடி மூணு குதி.

டீமா பண்ணணும்னா ஃபிஃபா 11+ வார்ம் அப் இருக்கு, சுமார் 20 நிமிஷம், ஓட்டம், பலம், பேலன்ஸ்னு 15 பயிற்சி. எல்லாருக்கும் சேத்து பண்ணா அடிபட்ட பையன் மட்டும் ஓரமா நின்னு தனியா பண்ற கஷ்டம் இல்ல.

எப்ப இறக்கலாம்

நேரா ஓடுறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, நான் அங்கதான் ஏமாந்தேன். செவுத்து அளவு சரியா இருக்கணும், குதிகால் 25 வரணும், ஒத்தக்கால்ல மூணு குதி நல்ல கால் தூரத்துக்கு பக்கத்துல போகணும், அப்புறம் எட்டு போட்டு ஓடி, முழு வேகத்துல வந்து சடார்னு நின்னு ரெண்டு பக்கமும் திரும்பணும். திரும்பும்போது முகத்தை பாருங்க, பயந்து காலை முழுசா ஊணாம திரும்பினா இன்னும் ரெடி இல்ல. இதெல்லாம் தேறினா முதல் மேட்ச் 20 நிமிஷம், அடுத்தது 45, அடுத்தது 70. ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலை டெஸ்ட் பாத்துட்டுதான் அடுத்த படி.

ஞாயித்துக்கிழமை மேட்ச்னா எங்க வாரம் இப்படி: திங்கள் நடை, கால் வளைக்கிறது மட்டும். செவ்வாய் பலப் பயிற்சி. புதன் டீமோட பாதி நேரம், டேக்லிங் இல்லாம. வியாழன் முழு பயிற்சி. வெள்ளி லேசா பாஸிங், பேலன்ஸ். சனி ஓய்வு.

செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுற) டோர்னமென்ட் பத்தி தனியா சொல்லியே ஆகணும். லீவு நாள்ல ஒரே நாள்ல நாலு மேட்ச், கட்டாந்தரையில, சின்ன கிரவுண்டுல நிமிஷத்துக்கு நிமிஷம் திரும்புற ஆட்டம், ஆறாத கணுக்காலுக்கு இதை விட மோசமா எதுவும் இல்ல. ஃப்ரெண்ட் கூப்பிட்டான், ப்ரைஸ் மணி இருக்குன்னு போகத் தோணும், புரியுது. அந்த சீசன் மட்டுமாவது வேணாம்னு சொல்லுங்க.

ஆங்க்லெட்டா, டேப்பா

ஏற்கனவே மடங்கின காலுக்கு லேஸ் கட்டுற ஆங்க்லெட் (கணுக்காலை இறுக்கி பிடிக்கிற உறை) போட்டா மறுபடி மடங்குறது குறையும், இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. பயிற்சிக்கும் மேட்ச்சுக்கும் போடுங்க, வீட்ல வேணாம். முதல்ல மெலிசா ஒரு சாக்ஸ், மேல ஆங்க்லெட், அதுக்கு மேல மேட்ச் சாக்ஸ். பூட்ஸ் இறுக்கமா இருந்தா ரெண்டு நாள் பயிற்சியில போட்டு பழகிட்டு மேட்ச்சுக்கு போங்க. வெள்ளை டேப் சுத்த தெரிஞ்ச ஆள் இருந்தா அதுவும் நல்லதுதான், ஆனா வேர்வையில ஆட்டம் போகப் போக லூஸாகும், ஆஃப் டைம்ல ஒரு தடவை பாத்துக்கணும். எது போட்டாலும் மேல சொன்ன பயிற்சியை விடக்கூடாது.

ஊசி, மாத்திரை

மேட்ச்சுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டுட்டு, இல்ல ஊசி போட்டுட்டு இறங்குற பழக்கம் நம்ம பசங்ககிட்ட நிறைய இருக்கு. கால் "போதும்"னு சொல்றதை கேக்காம பண்ற வேலை அது. நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் மார்கோ வான் பாஸ்டன் தெரியும்ல, வருஷத்தோட சிறந்த பிளேயருக்கு குடுக்கிற பாலோன் டோர் விருதை மூணு தடவை வாங்கின ஆள். கணுக்கால்ல ஆபரேஷன் மேல ஆபரேஷன், 1993 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்தான் கடைசி மேட்ச், அப்ப வயசு 28. ரெண்டு வருஷம் திரும்பி வர பாத்துட்டு 1995ல ஓய்வை அறிவிச்சாரு. பிரேசில் பிளேயர் நெய்மாருக்கு 2022 உலகக்கோப்பையில செர்பியா மேட்ச்ல வலது கணுக்கால் அடிபட்டு ரெண்டு மேட்ச் உக்காந்தாரு, தென் கொரியா மேட்ச்ல திரும்ப வந்து பெனால்டி கோலும் போட்டாரு. 2023 பிப்ரவரியில அதே கணுக்கால் மறுபடி போச்சு, மார்ச்ல தோஹாவுல லிகமென்ட் ஆபரேஷன். உலகத்துலயே பெரிய மெடிக்கல் டீம் பக்கத்துல இருந்தும் இந்த நிலைமை.

ஆறு வாரம் ஒழுங்கா பயிற்சி பண்ணியும் வலி இறங்கலன்னா, சமதரையில நடக்கும்போதே கால் நழுவுற மாதிரி இருந்தா, மூட்டு திடீர்னு மாட்டிக்கிட்டா, முன்பக்கம் ஆழமா குத்துற வலி இருந்தா, ஸ்போர்ட்ஸ் காயம் பாக்குற டாக்டர்கிட்ட போங்க, எம்ஆர்ஐ தேவைப்படலாம். உள்ள குருத்தெலும்பு அடிபட்டிருந்தா பேலன்ஸ் பயிற்சி மட்டும் பத்தாது.

எங்க பையன் ரெண்டாவது தடவைக்கு அப்புறம் ஏழு வாரம் வெளிய இருந்தான். கடைசி நாலு மேட்ச் ஆடினான், நாலுலயும் ஆங்க்லெட்டோட. நோட்டுல கடைசியா எழுதியிருக்கிற அளவு 10.5. இன்னும் அரை சென்டிமீட்டர் இருக்கு, அதுக்காக இப்ப லீவுலயும் செவுத்து முன்னாடி நிக்கிறான்.