அவரையில் அசுவினியா? முதலில் எறும்பைக் கவனியுங்கள்

மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழ ஆரம்பித்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் அவரைப் பந்தல் பூத்துக் குலுங்கும். கூடவே அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கொடியில் எறும்பு வரிசை ஏறுகிறதா? அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். நுனித் தளிரிலும் பூங்கொத்திலும் கடுகளவுகூட இல்லாத கறுப்புப் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். கத்தரி, மிளகாயில் என்றால் பெரும்பாலும் இலைக்கு அடியில், பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான பிசுபிசுப்பைக் கழிப்பதுதான் இவற்றின் வேலை. அந்த இனிப்புக்காக எறும்பு, அசுவினியைத் தின்னும் பொறிவண்டை விரட்டியடித்து அசுவினிக்குக் காவல் நிற்கும். எறும்பை விட்டுவிட்டு மருந்து மட்டும் அடித்தால் பாதி வேலைதான் ஆகும்.

பெண் அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் குட்டி போடத் தொடங்கிவிடும். அதனால் பார்த்த அன்றே இறங்கிவிடுங்கள்.

1. சுருண்டுபோன நுனிகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மற்ற இடங்களில் காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்புறம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். தளிரை ஒரு கையால் தாங்கிக்கொண்டால் ஒடியாது. கீழே விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. மூன்று நான்கு நாள் விடாமல் செய்தால் பல வீடுகளில் இதோடு முடிந்துவிடும்.

2. எறும்பு ஏறாமல் இருக்கப் பந்தல் காலில் துணியைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை ஒதுக்கிக் கட்டுங்கள். கொடியின் அடித்தண்டிலும் இதே மாதிரி துணி கட்டலாம், இறுக்கிவிடாதீர்கள்.

3. அப்புறமும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். 5 மில்லி எண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை விட்டுக் குழைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீர் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும். முதல் நாள் இரண்டு இலையில் அடித்துப் பார்த்து, கருகாவிட்டால் மறுநாள் வெயில் தாழ்ந்ததும் முழுக்க அடிக்கலாம். நம்ம ஊர் உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை போதும்.

ஆச்சிமார் விடியற்காலையில் பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். கொஞ்சமாக இருக்கும்போது அதுவும் கேட்கும்.

கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள், பொறிவண்டின் குஞ்சு அது. அது இருக்கிற கொத்தில் எண்ணெயும் அடிக்க வேண்டாம். யூரியாவையும் குறையுங்கள், தளதளவென்று வரும் இளந்தளிரைத்தான் அசுவினி தேடி வரும்.