பெயரைப் பார்த்து உறவு சொல்லலாமா? நுண்ணுயிர்களைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரே தெருவில் மூன்று நாயுடு வீடுகள் இருந்தால், மூன்றும் பங்காளி வீடுகள் என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. 1860 முதல் கப்பலில் வந்திறங்கியவர்களின் பதிவேட்டைப் புரட்டி, பாட்டன் யார், எந்த ஊர் என்று பார்த்த பிறகே உறவு சொல்கிறோம். நுண்ணுயிர்கள் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நம்மிடம் இருப்பதில்லை. பார்க்க ஒன்றுபோல் இருந்தால் ஒரே குலம், பெயர் ஒன்றானால் ஒரே வம்சம் என்று பேசிவிடுகிறோம்.

உருண்டை, கோல், சுருள் என்ற வடிவங்களும், 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறையும்தான் நெடுங்காலம் பாக்டீரியாக்களைப் பிரிக்கும் வழிகளாக இருந்தன. எந்த மருந்து கொடுப்பது என்று மருத்துவர் தீர்மானிக்க அந்தச் சாயம் இன்றும் உதவுகிறது. வம்சம் சொல்ல அது போதாது. 1977இல் கார்ல் வூசும் ஜார்ஜ் ஃபாக்சும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். புரதம் கட்டும் வேலை எல்லா உயிரணுக்களுக்கும் பொது. அதைச் செய்யும் ரைபோசோம் மிக மெதுவாகவே மாறுகிறது. ஆகவே பழைய உறவுகளின் தடம் அதில் அழியாமல் கிடக்கிறது. மீத்தேன் உண்டாக்கும் சில 'பாக்டீரியா'க்கள் பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனிக்கிளை என்பது இப்படித்தான் வெளிப்பட்டது. நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் போலவே தெரியும் இந்த ஆர்க்கியா, வம்சாவளியில் பாக்டீரியாவைவிட நமக்கு நெருக்கம்!

இதைவிடப் பிடிவாதமான தவறு, இன்றைய பாக்டீரியாவை நம் மூதாதை என்பது. ம்புமலங்காவில் பார்பர்ட்டனை ஒட்டிய மக்கோஞ்ச்வா மலைகளை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள பாறைகளில், ஏறத்தாழ 322 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோர மணலில் படர்ந்திருந்த நுண்ணுயிர்ப் படலங்களின் தடம் பதிந்திருக்கிறது. அவற்றைப் படைத்த உயிர்கள் இன்று இல்லை. நம் வழி எவ்வளவு காலம் நடந்து வந்ததோ, பாக்டீரியாக்களின் வழியும் அவ்வளவு காலம் நடந்து வந்திருக்கிறது.

கார்ல்டன்வில் பக்கத்து ம்போனெங் தங்கச் சுரங்கத்தைப் பாருங்கள். அங்கே 2.8 கி.மீ. ஆழத்து நீரில் டீசல்ஃபோருடிஸ் என்ற பாக்டீரியா, பக்கத்துணை என்று சொல்ல வேறு உயிர் ஏதுமின்றி வாழ்கிறது. வெயில் இல்லை, ஆக்சிஜன் இல்லை. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்கும்போது கிடைக்கும் ஹைட்ரஜன்தான் அதன் பிழைப்புக்கு ஆதாரம். 2008இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, கார்பனையும் நைட்ரஜனையும் தானே சேகரித்துக்கொள்ளவும் வித்தாக உறங்கவும் அதற்குத் தெரியும் என்று கண்டார்கள். ஆர்க்கியாவிடமிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களும் அதில் இருந்தன. நுண்ணுயிர்கள் சொத்தைப் பெற்றோரிடமிருந்து மட்டும் பெறுவதில்லை, அண்டை அயலாரிடமிருந்தும் பெறும். இதை 'எளிய உயிர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இதே இனம் சைபீரியாவிலும் கலிபோர்னியாவிலும் நிலத்தடி ஆழத்தில் கிடைத்தது. 2021இல் வெளியான ஒப்பீட்டில் மூன்று இடத்து மரபணுக்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கண்டங்கள் பிரிந்த காலந்தொட்டு, அதாவது சுமார் 17 கோடி ஆண்டுகளாக, அது அநேகமாக மாறவே இல்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நுண்ணுயிர் என்றாலே நாளுக்கொரு வேடம் போடும் என்று நினைப்பதும் ஆக, தவறுதான்.

பெயர் மாறினால் கிருமியே மாறிவிட்டது என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். மாரியம்மன் கூழுக்கு மீலி (மக்காச்சோள) மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்க வைக்கிறோம் அல்லவா? அப்படிப் புளிக்கும் மாவில் வழக்கமாகக் காணப்படும் லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் 2020 முதல் லாக்டிபிளான்டிபாசிலஸ் பிளான்டாரம் ஆகிவிட்டது. லாக்டோபாசிலஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்துவைத்திருந்த 261 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, ஒரே வீட்டில் இருக்கத் தகாத அளவு தூரத்து உறவுகள் என்று தெரிந்தது. 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் செய்தது சரி. நேர்மாறான கதை ஷிகெல்லாவுடையது. மரபணுப்படி அது ஈ.கோலை இனத்துக்குள்ளேயே அடங்கும். வயிற்றுக்கடுப்புக்குக் காரணம் என்பதால், மருத்துவர்களின் வசதிக்காகத் தனிப்பெயர் நீடிக்கிறது.

காசநோய் பற்றிப் பேசும்போது நம் ஆட்கள் 'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்பார்கள். பழகுவது உடம்பு அல்ல; கிருமியும் பாடம் கற்றுக்கொண்டு மாறுவதில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது தற்செயலாக நேரும் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்தைத் தாங்கிவிடுகிறது. சிகிச்சை பாதியில் நின்றாலோ மருந்து பொருந்தாவிட்டாலோ அதுவே மிஞ்சிப் பெருகுகிறது. குவாசுலு-நட்டாலின் டுகேலா ஃபெரி என்ற ஊரில் கண்டறியப்பட்டு 2006இல் அறிவிக்கப்பட்ட கடும் எதிர்ப்புக் காசநோயில், 53 நோயாளிகளில் 52 பேர் இறந்தார்கள். அது ஒரே நாளில் முளைத்த கிருமி அல்ல. ஐசோனியாசிட் மருந்தைத் தாங்கும் முதல் பிறழ்வு 1950களின் பிற்பகுதியிலேயே அந்தக் கிளையில் நேர்ந்திருக்க வேண்டும் என்று பின்னர் மரபணு ஒப்பீட்டில் கணித்தார்கள். மற்ற மருந்துகளுக்கான பிறழ்வுகள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறின. ஆனால் பல பாக்டீரியாக்களைப் போலக் காசநோய்க் கிருமி எதிர்ப்பு மரபணுவை அயலாரிடம் கடன் வாங்குவதில்லை. தன் பிறழ்வுகளை மட்டுமே நம்பியிருக்கிறது. எல்லாக் கிருமிகளுக்கும் ஒரே விதி எழுதிவிடக் கூடாது.

மலேரியாவை வைரஸ் என்பது அடிக்கடி கேட்கும் பிழை. அது உட்கரு உள்ள ஒரு செல் உயிரி, பாக்டீரியாவும் அல்ல. வைரஸ்களிடம் ரைபோசோமே இல்லாததால், ரைபோசோமை ஒப்பிட்டு வூஸ் வரைந்த வம்ச மரத்தில் அவற்றுக்கு இடமில்லை; அவற்றைத் தனி முறையில் வகைப்படுத்துகிறார்கள்.

கொரோனா காலத்தில் நாம் கேட்ட கிரேக்க எழுத்துகளையும் பரம்பரை வரிசை என்று படிக்கக் கூடாது. 2020இல் இங்கே அறியப்பட்ட பீட்டாவின் பிள்ளை டெல்டா, அதன் பிள்ளை 2021 நவம்பரில் இங்கிருந்து அறிவிக்கப்பட்ட ஒமிக்ரான் என்று பலர் எழுதினார்கள். மூன்றும் ஒரே வைரஸ் இனத்தின் வேறு வேறு கிளைகள். ஒமிக்ரான் பீட்டாவிலிருந்தும் வரவில்லை, டெல்டாவிலிருந்தும் வரவில்லை.