அம்மா மறைத்த கதையைக் கேட்பது எப்படி

பர்மாவின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) நம் தமிழ் வீடுகள் பலவற்றில் 1964-இல் நடந்ததைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். கடைகளை அரசு எடுத்துக்கொண்டு, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றான பிறகு பாதிக் குடும்பம் சென்னைக்குக் கப்பல் ஏற, மீதி இங்கேயே நின்றுவிட்டது. யார் யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான் பெரும்பாலும் அந்த மறைத்த கதை.

"ஏம்மா மறைச்சீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன், எட்டு மாதம் அம்மா சரியாக முகம் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மொகிங்காவுக்கு (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) வாழைத்தண்டு நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டே, பழைய போட்டோவில் கோடு போட்ட சட்டைக்காரர் யார் என்று மட்டும் கேட்டேன். "என் அண்ணன்" என்றார். சரி, நானும் மேலே கேட்கவில்லை. கையில் வேலை இருந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை, அது பெரிய வசதி.

கூடப்பிறந்தவர்களைக் கூட்டிப்போய்ப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். போனில் பதிவு செய்வதென்றால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தேதிகள் முன்பின்னாக வந்தால் திருத்த வேண்டாம், ட்ரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோ வெளிநாட்டார் பதிவு அட்டையோ கிடந்தால் பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். எனக்கு மீதிக் கதை வர இன்னும் இரண்டு வாழைத்தண்டு ஆனது.