கரணச் சிற்பங்களை வரையும்போது...

பல்கலைக்கழகத்தில் ஓவியமோ சிற்பமோ நடனமோ படிப்பவர்கள் ஒருமுறையாவது ஸ்கெட்ச் நோட்டோடு சிதம்பரம் போய் வாருங்கள். நடராஜர் கோயில் கோபுர வாசல்களின் உட்பக்கத்தில், பக்கத் தூண்களில் கரணங்கள் எனும் நடன அசைவுகள் கட்டம் கட்டமாக ஒன்றின்மேல் ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாஸ்திர ஸ்லோகங்களும் கிரந்த எழுத்தில் கூடவே இருக்கும்.

முகத்திலிருந்து வரைய ஆரம்பிக்க வேண்டாம். உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். தலையிலிருந்து இடுப்பு வழியாக அந்தப் பாதம் வரை ஒரே கோடு இழுங்கள். அப்புறம் தோள் சாய்வு, இடுப்புச் சாய்வு, முழங்கால். விரல்களும் நகைகளும் கடைசியில். கோடு சரியாக விழுந்துவிட்டால் மீதி தானாக வரும்.

முக்கியமான ஒன்று: கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து நகரும் ஓர் அசைவு. கல்லில் நாம் பார்ப்பது அதில் ஒரு கணம்தான். அதனால் சிற்பத்தைப் பக்கத்தின் நடுவில் வரைந்து, அதற்கு முந்தைய நிலையையும் அடுத்த நிலையையும் நீங்களே யோசித்து இருபுறமும் சின்னதாகப் போடுங்கள். நடன மாணவர்களுக்கு இது எளிது. ஓவிய மாணவர்கள் எழுந்து அப்படி நின்று பார்த்துவிட்டு வரையலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை! எடையைத் தப்பான காலில் போட்டிருந்தால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

வாசலுக்குள் வெளிச்சம் குறைவு. கோடு கருமையாக விழும் 4பி பென்சில் வசதியாக இருக்கும்.