மல்டிமீட்டரில் 5 வோல்ட் வந்தால் போதுமா? பவர் கன்வெர்ட்டர் ஃபீட்பேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலகைக்கு மின்சாரம் கொடுத்து மல்டிமீட்டரை வைத்தால் 5.01 வோல்ட் காட்டுகிறது. சரி, பவர் சப்ளை முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த 5 வோல்ட்டின் மேல் 8 கிலோஹெர்ட்ஸில் 200 மில்லிவோல்ட் அலை ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் அதே 5.01-ஐத்தான் காட்டும். டிசி ரேஞ்சில் அது பார்ப்பது சராசரியை மட்டுமே. அப்புறம் ஒரு நாள் மைக்ரோகண்ட்ரோலர் காரணம் தெரியாமல் ரீசெட் ஆகும், ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அளவுகள் ஆடும், இண்டக்டரோ செராமிக் கெபாசிட்டரோ மெலிதாகக் கீச்சிடும். பழி என்னவோ மென்பொருள் மீது விழும்.

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். ஸ்விட்ச் சுமார் 42 சதவீத நேரம் ஆனில் இருந்தால் கணக்குப்படி 5 வோல்ட் வந்துவிடும். ஆனால் லோடு கூடும், இன்புட் இறங்கும், வழியில் உள்ள மின்தடைகளில் கொஞ்சம் வோல்ட்டேஜ் கரையும். அதனால் அவுட்புட்டில் ஒரு பங்கை எடுத்து, ரெஃபரன்ஸ் என்ற நிலையான வோல்ட்டேஜோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப ஆன் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறோம். இப்படிச் சுற்றி வரும் திருத்தப் பாதைதான் லூப்; ஒரு சுற்றில் ஆன் நேரத்தின் பங்குதான் டூட்டி. இந்தத் திருத்தம் உடனே போய்ச் சேர்வதில்லை; இண்டக்டரும் கெபாசிட்டரும் அதைத் தாமதப்படுத்துகின்றன. லூப்பின் கெய்ன், அதாவது லூப்பை ஒரு முறை சுற்றி வரும் அலை எத்தனை மடங்காகிறது என்பது, 1 ஆக இறங்கும் அதிர்வெண்தான் கிராஸ்ஓவர். அந்த இடத்தில், திருத்தமே எதிர்த்திசையில் தள்ளத் தொடங்குவதற்கு அலையின் பின்தங்கலில் (ஃபேஸில்) இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறதோ அதுதான் ஃபேஸ் மார்ஜின். அது 45 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 இருந்தால் நிம்மதி.

கீழே சொல்லப்போகும் தவறுகளில் பலவற்றுக்கு ஒரே வேர்தான்: லூப் ஐசிக்குள் இருக்கிறது என்ற நினைப்பு. கெபாசிட்டரின் உள் மின்தடை, பிசிபி டிரேஸ், லோடு, இன்புட் பக்கத்து ஃபில்டர் வரை எல்லாமே அந்த லூப்பில் பங்கு வைத்திருக்கின்றன.

கெபாசிட்டரை மட்டும்தானே மாற்றினோம்

மிக அதிகமாக நடக்கும் தவறு இது. பக் கன்வெர்ட்டரில் 10 மைக்ரோஹென்றி இண்டக்டரும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருந்தால் இரண்டும் சேர்ந்து 5 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கின்றன. அவுட்புட் வோல்ட்டேஜை மட்டும் பார்த்துத் திருத்தும் வோல்ட்டேஜ் மோடு கண்ட்ரோலில் அதற்கு மேல் ஃபேஸ் 180 டிகிரி வரை பின்தங்கிவிடும். பழைய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்றின் உள் மின்தடை, அதாவது இஎஸ்ஆர், 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். அது 32 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஜீரோவை, அதாவது ஃபேஸை முன்னே தள்ளும் ஒரு புள்ளியை, உண்டாக்கி, இழந்த ஃபேஸில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. 40 கிலோஹெர்ட்ஸில் அந்த உதவி மட்டுமே ஏறக்குறைய 51 டிகிரி.

இப்போது யாரோ ஒருவர், ரிப்பிள் (ஸ்விட்சிங்கால் அவுட்புட்டில் வரும் சிற்றலை) குறையட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, அதே மதிப்புள்ள செராமிக் கெபாசிட்டர்களைப் போடுகிறார். இஎஸ்ஆர் 3 மில்லி ஓமாக இறங்குகிறது, ஜீரோ 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிவிடுகிறது. 40 கிலோஹெர்ட்ஸில் கிடைத்துக்கொண்டிருந்த 51 டிகிரியில் மிஞ்சுவது 4 டிகிரிதான். ரிப்பிள் குறைந்துவிட்டது, ஆனால் லோடு மாறும்போதெல்லாம் அவுட்புட் நீண்ட நேரம் அதிர்கிறது. லூப்பின் கெய்னையும் ஃபேஸையும் சரிக்கட்டும் சுற்றுதான் காம்பன்சேட்டர்; இஎஸ்ஆரை நம்பி அமைத்த டைப் 2 காம்பன்சேட்டர் இங்கே போதாது. அந்த ஃபேஸைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும் டைப் 3 வேண்டும், அல்லது இண்டக்டர் கரண்ட்டையும் பார்த்துத் திருத்தும் கரண்ட் மோடு கண்ட்ரோலுக்குப் போக வேண்டும்.

செராமிக்கில் இன்னொரு சங்கதியும் உண்டு. உறையில் 22 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று எழுதியிருக்கும். எக்ஸ்5ஆர் என்ற செராமிக் வகையில், சிறிய அளவுப் பாகமாக இருந்தால், 5 வோல்ட் டிசி அதன் மேல் நின்றாலே பாதிக்கும் மேற்பட்ட கெபாசிட்டன்ஸ் காணாமல் போய்விடலாம். பாதியாகக் குறைந்தால் ஒத்ததிர்வுக்கு மேலே லூப்பின் கெய்ன் இரட்டிப்பாகும். நீங்கள் திட்டமிட்ட இடத்தைத் தாண்டி கிராஸ்ஓவர் மேலே ஏறிவிடும். ஆகவே கணக்கில் போட வேண்டியது உறையில் உள்ள எண்ணை அல்ல, டேட்டாஷீட்டின் டிசி பயாஸ் வளைவில் உங்கள் வோல்ட்டேஜுக்கு நேராக உள்ள எண்ணை. எலெக்ட்ரோலிட்டிக்குக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் குளிரில் அதன் இஎஸ்ஆர் பல மடங்கு ஏறும், வயதாக ஆக கெபாசிட்டன்ஸ் குறைந்து இஎஸ்ஆர் கூடும். புதுப் பலகையில், அறை வெப்பநிலையில் பார்த்த ஃபேஸ் மார்ஜின் அந்தப் பலகையின் ஆயுள் முழுவதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேகம் கூடினால் நல்லது என்று எண்ணுவது

கிராஸ்ஓவரை மேலே தூக்கினால் லோடு மாற்றத்துக்குக் கன்வெர்ட்டர் சீக்கிரம் ஈடுகொடுக்கும். உண்மைதான். ஆனால் ஸ்விட்சிங் அதிர்வெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது வழக்கம். அதைத் தாண்டினால் ஸ்விட்சிங் ரிப்பிளே லூப்புக்குள் புகுந்து குழப்பும்.

வோல்ட்டேஜை ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டரில் வரம்பு இன்னும் கீழே. அங்கே ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரத்தில் இண்டக்டர் தன்னுள் ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. அவுட்புட்டுக்கு எதுவும் கொடுப்பதில்லை. லோடு திடீரென்று கூடி அவுட்புட் இறங்கினால் கண்ட்ரோலர் ஆன் நேரத்தை நீட்டும். நீட்டிய கையோடு, அவுட்புட்டுக்குப் போகும் நேரம் சுருங்குகிறது. ஆகவே வோல்ட்டேஜ் முதலில் இன்னும் இறங்கி, இண்டக்டரின் கரண்ட் வளர்ந்த பிறகுதான் ஏறும். அந்த முதல் இறக்கத்தைப் பார்த்து அவசரப்பட்டு மேலும் நீட்டும் லூப் தானே அலைபாயத் தொடங்கும். இதற்கு வலப்பக்க ஜீரோ என்று பெயர். அது கெய்னை ஏற்றிக்கொண்டே ஃபேஸை இறக்கும். காம்பன்சேட்டரில் எதைச் சேர்த்தும் அதை ரத்து செய்ய முடியாது.

எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவது எளிது. லோடு மின்தடையை, ஒன்றிலிருந்து டூட்டியைக் கழித்து வந்ததன் வர்க்கத்தால் பெருக்கி, 6.28 மடங்கு இண்டக்டன்ஸால் வகுக்க வேண்டும். 5 வோல்ட்டை 12 ஆக ஏற்றி 1 ஆம்பியர் கொடுக்கும் கன்வெர்ட்டரில், 10 மைக்ரோஹென்றி இண்டக்டர் இருந்தால், ஜீரோ 33 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது. பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே கன்வெர்ட்டரில் இன்புட் 4 வோல்ட்டுக்கு இறங்கி லோடு 2 ஆம்பியராக ஏறட்டும்: ஜீரோ 10.6 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். கிராஸ்ஓவர் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 3.5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தாக வேண்டும். மிகக் குறைந்த இன்புட், மிக அதிக லோடு என்ற மூலையில்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். அந்த வேகம் போதாது என்றால் அவுட்புட் கெபாசிட்டரைப் பெரிதாக்கலாம், அல்லது கரண்ட் ரிப்பிள் கூடுவதை ஏற்றுக்கொண்டு இண்டக்டரைச் சிறிதாக்கலாம். இண்டக்டர் கரண்ட் பூஜ்யம் தொடாமல் ஓடும்போது ஃப்ளைபேக்குக்கும் பக்-பூஸ்ட்டுக்கும் இதே கதைதான்.

இரண்டு ரெசிஸ்டர்தானே என்ற அலட்சியம்

அவுட்புட் வோல்ட்டேஜை மாற்ற ஃபீட்பேக் டிவைடரில் (அவுட்புட்டில் ஒரு பங்கைப் பிரித்துத் தரும் இரண்டு ரெசிஸ்டர்களில்) கைவைக்கும்போது மேல் ரெசிஸ்டரை மாற்றுவதா, கீழ் ரெசிஸ்டரை மாற்றுவதா? அந்தப் பங்கை ரெஃபரன்ஸோடு ஒப்பிடும் எரர் ஆம்ப்ளிஃபயர் சாதாரண ஆப்-ஆம்ப் வகையாக இருந்தால் கீழ் ரெசிஸ்டரை மாற்றுங்கள். அங்கே ஃபீட்பேக் பின் நிலையான வோல்ட்டேஜில் நிற்பதால், கீழ் ரெசிஸ்டர் டிசி அளவை மட்டும் தீர்மானிக்கிறது; மேல் ரெசிஸ்டர் காம்பன்சேட்டரின் ஓர் அங்கம், அதை மாற்றினால் கெய்னும் மாறும். வோல்ட்டேஜ் வித்தியாசத்தைக் கரண்ட்டாக வெளியிடும் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் வகை ஆம்ப்ளிஃபயரில் இந்தச் சலுகை இல்லை. அங்கே டிவைடரின் விகிதமே கெய்னில் நேராகக் கலக்கிறது. எந்த வகை என்பது டேட்டாஷீட்டின் பிளாக் படத்தில் தெரியும். பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மெகா ஓம் ரெசிஸ்டர்களைப் போடுவதும் உண்டு. ஃபீட்பேக் பின் 100 நானோ ஆம்பியர் கசிந்தால் 1 மெகா ஓம் மேல் ரெசிஸ்டரில் 0.1 வோல்ட் பிழை வந்துவிடும். பக்கத்து ஸ்விட்ச் நோடிலிருந்து (ஸ்விட்சும் இண்டக்டரும் சேரும் இடத்திலிருந்து) வரும் இரைச்சலும் அந்தக் கணுவில் சுலபமாக ஏறும். டிவைடரை ஐசியின் பின்னுக்கு ஒட்டியே வைக்க வேண்டும். அவுட்புட்டிலிருந்து டிவைடருக்கு வரும் டிரேஸ் நீளமாக இருந்தால் பரவாயில்லை, டிவைடரிலிருந்து பின்னுக்குப் போவது நீளக் கூடாது. பல பலகைகளில் இது தலைகீழாக இருக்கிறது.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 10 ஆம்பியர் போகும் டிரேஸில் 2 மில்லி ஓம் இருந்தாலே 20 மில்லிவோல்ட் போய்விடும். கன்வெர்ட்டரின் வாசலில் அளந்தால் லோடுக்கு அது குறையும். கிரவுண்ட் பக்கத்திலும் அப்படியே. தனி சென்ஸ் வயர்களை லோடு வரை இழுப்பவர்கள், வயர் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். கண்ட்ரோலர் பூஜ்யம் வோல்ட்டைப் பார்த்து, அவுட்புட்டை முடிந்த மட்டும் ஏற்றிவிடும். உள்ளூர் அவுட்புட்டுக்கும் சென்ஸ் வயருக்கும் இடையே 10 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் இருந்தால் இந்த விபத்து நடக்காது.

காம்பன்சேட்டர் மீது போடும் வீண் பழி

இண்டக்டர் கரண்ட் ஓர் உச்சத்தைத் தொட்டதும் ஸ்விட்சை ஆஃப் செய்யும் பீக் கரண்ட் மோடு கண்ட்ரோலில் டூட்டி 50 சதவீதத்தைத் தாண்டினால் பல்ஸ் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று மாறி மாறி வரும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் என்றால் 42 சதவீதம், தொல்லை இல்லை. இன்புட் 9 வோல்ட்டுக்கு இறங்கினால் 56 சதவீதம், ஆட்டம் தொடங்கும். வெளி வோல்ட்டேஜ் லூப்பை எவ்வளவு திருகினாலும் இது தீராது. இண்டக்டர் கரண்ட் இறங்கும் சரிவில் குறைந்தது பாதி அளவுக்கு ஒரு செயற்கைச் சரிவை (ஸ்லோப் காம்பன்சேஷன்) சேர்ப்பதுதான் மருந்து.

இன்புட் ஃபில்டரும் இப்படித்தான் ஏமாற்றும். நன்றாக ரெகுலேட் செய்யும் கன்வெர்ட்டர், இன்புட் வோல்ட்டேஜ் இறங்கினால் கரண்ட்டை அதிகமாக இழுக்கிறது. ஃபில்டரின் பார்வையில் அது எதிர்மறை மின்தடை. 24 வோல்ட்டில் 48 வாட் இழுத்தால் அது மைனஸ் 12 ஓம். 4.7 மைக்ரோஹென்றியும் 10 மைக்ரோஃபாரட் செராமிக்கும் சேர்ந்த ஃபில்டரின் இயல்பு இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை) 0.7 ஓம் போலத்தான். ஆனால் தணிப்பு இல்லாமல் கியூ (ஒத்ததிர்வின் கூர்மை) 20 இருந்தால் உச்சியில் அது 14 ஓமைத் தொடும். 12-ஐ 14 தாண்டிவிட்டது, ஃபில்டர் ஊசலாடும். ரெகுலேட்டர் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு நிச்சயமாக இந்தத் தொல்லை வரும் என்பதுதான் இதில் வியப்பு. மின்னணுவியல் ஆய்வாளர் மிடில்புரூக் 1976-இலேயே இதை அலசி, ஃபில்டரின் இம்பீடன்ஸ் கன்வெர்ட்டரின் இன்புட் இம்பீடன்ஸைவிட மிகவும் தாழ்வாக இருக்க வேண்டும் என்று வகுத்துவிட்டார். செராமிக்கோடு இணையாக, இஎஸ்ஆர் உள்ள பெரிய எலெக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

மைக்ரோகண்ட்ரோலரில் லூப்பை எழுதுபவர்களுக்கு

டிஜிட்டலில் தாமதத்தை மறப்பதுதான் முதல் தவறு. ஏடிசி எடுத்து, கணக்கிட்டு, புது டூட்டி அமலாகும் வரை மொத்தம் ஒன்றரை ஸ்விட்சிங் சுற்று போய்விடுவது சகஜம். 200 கிலோஹெர்ட்ஸில் அது 7.5 மைக்ரோ செகண்ட். கிராஸ்ஓவர் 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் இந்தத் தாமதம் ஒன்றே 54 டிகிரியைத் தின்றுவிடும். அனலாக் வடிவமைப்பின் எண்களை அப்படியே கோடில் ஏற்றினால் நிற்காது.

அடுத்தது பிடபிள்யூஎம்மின் (ஆன் நேரத்தை அமைக்கும் பல்ஸின்) நுணுக்கம். 100 மெகாஹெர்ட்ஸ் கவுண்ட்டரில் 200 கிலோஹெர்ட்ஸ் என்றால் 500 படிகள்தான். 12 வோல்ட் இன்புட்டில் ஒரு படிக்கு 24 மில்லிவோல்ட். ஏடிசியோ 2 மில்லிவோல்ட் வித்தியாசத்தையும் பார்க்கிறது. வேண்டிய வோல்ட்டேஜ் இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தால் இன்டெக்ரேட்டர் (பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி) மேல் படிக்கும் கீழ் படிக்கும் ஓயாமல் தாவும். பிடபிள்யூஎம்மின் படி ஏடிசியின் படியைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். ஐசியில் உயர் நுணுக்க பிடபிள்யூஎம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டூட்டி உச்ச வரம்பைத் தொட்டதும் இன்டெக்ரேட்டரை நிறுத்தவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் ஷார்ட் நீங்கிய அடுத்த கணம் அவுட்புட் எகிறும்.

அளப்பதில் நடக்கும் தவறு

லோடு ஸ்டெப் சோதனை எல்லோரும் செய்யக்கூடியது. லோடைச் சட்டென்று 50-லிருந்து 100 சதவீதமாக மாற்றி, ஆசிலாஸ்கோப்பில் அவுட்புட்டைப் பார்க்க வேண்டும். ஒரு முறை இறங்கி அமைதியாகத் திரும்பினால் நல்லது. மூன்று நான்கு அலை அடித்துவிட்டு அடங்கினால் ஃபேஸ் மார்ஜின் குறைவு. புரோபின் நீண்ட கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, சிறு ஸ்பிரிங் முனையை அவுட்புட் கெபாசிட்டரின் மேலேயே வைத்துப் பாருங்கள். அந்த வயரின் வளையம் பிடிக்கும் ஸ்விட்சிங் இரைச்சலை லூப்பின் ஆட்டம் என்று எண்ணி நாள்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. லோடு மெதுவாக மாறினால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. ஸ்டெப்பின் ஏறும் நேரம் லூப்பின் வேகத்தைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

நேரடியாக லூப் கெய்னை அளக்க, அவுட்புட்டுக்கும் டிவைடரின் மேல் முனைக்கும் இடையே 10 முதல் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சிறு சைன் அலையைச் செலுத்தி, இரு பக்கமும் உள்ள அலைகளை ஒப்பிட வேண்டும். அந்த ரெசிஸ்டருக்கான இடத்தை முதல் பிசிபியிலேயே ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் டிரேஸை வெட்டி ஒட்டுவது தலைவலி. குறைந்த இன்புட், அதிக இன்புட், முழு லோடு, லேசான லோடு, குளிர், சூடு என்று ஒவ்வொன்றிலும் அளக்க வேண்டும். செலுத்தும் அலையைப் பாதியாகக் குறைத்தும் முடிவு மாறவில்லை என்றால்தான் அந்த அளவை ஏற்றுக்கொள்ளலாம். மாறினால் அலை பெரிதாக இருந்து கண்ட்ரோலரை வரம்பில் மோதவைக்கிறது. இன்னும் குறைத்து மறுபடி அளக்க வேண்டும்.